பி.காம். முடிச்சவன் எம்.ஏ. ஸ்பானிஷ் படிக்கலாமா?

"எம்.ஏ. ஸ்பானிஷா? அதுக்கு பி.ஏ. ஸ்பானிஷ் வேணுமேடா!" வகுப்புல நாலு பேர் தனித்தனியா கேட்டாச்சு. அப்பா மட்டும் அதைக் கேக்கலை. அவர் கேட்டது "சி.ஏ. என்ன ஆச்சு?" ஒவ்வொருத்தருக்கும் தனியா பதில் சொல்லி வாய் வலிக்குது. அதனால மொத்தமா இங்கே. கொஞ்சம் நீளம் மக்களே, டீ எடுத்துட்டு வந்துடுங்க.

முதல்ல ஒண்ணு. பட்டம் பெரிய பிரச்சினையே இல்லை. நாம எல்லாரும் அந்த வாசலையே முறைச்சுப் பாத்துட்டு நிக்கிறோம். உண்மையான பூட்டு வேற இடத்துல தொங்குது.

ஸ்பெயினையே எடுத்துக்கோங்க. அங்கே இளநிலைப் பட்டம் பொதுவா நாலு வருஷம், 240 கிரெடிட். நம்மது மூணு வருஷம். "அப்போ நம்மளை உள்ளேயே விடமாட்டாங்களே"ன்னுதான் நானும் முதல்ல பயந்தேன். ஆனா அவங்க சட்டம் கேக்கறது ரெண்டே விஷயம்: ஐரோப்பாவுக்கு வெளியே வாங்கின பட்டமா இருந்தா, அது அவங்க இளநிலைப் படிப்பு அளவுக்கு இருக்கா, அது வாங்கின நாட்டுலயே முதுநிலையில சேர அந்தப் பட்டம் போதுமா. பி.காம். வெச்சு இங்கே எம்.காம். சேரலாம், இல்லையா? அப்போ ரெண்டாவது கேள்விக்கு பதில் ரெடி. முதல் கேள்வியைப் பல்கலைக்கழகமே பாத்து முடிவு செய்யும். பட்டத்தை அந்த நாட்டுப் பட்டமா முழுசா மாத்திக்கணும்னு அவசியம் இல்லை.

அதுக்காக பி.காம். காரனை மாலை போட்டுக் கூப்பிடுவாங்கன்னு அர்த்தம் இல்லை. இலக்கிய மாஸ்டர்ல மொழி, இலக்கியம் படிச்சவங்களுக்குத்தான் முன்னுரிமை. வேற துறையிலிருந்து வந்தா கூடுதலா சில பாடங்களைத் தலையில கட்டலாம். இருக்கற இடங்களை விட விண்ணப்பம் அதிகமா வந்தா மதிப்பெண், படிச்ச பாடங்கள், கடிதங்கள் எல்லாத்தையும் எடை போடுவாங்க. காஸ்ட் அக்கவுண்டிங்ல வாங்கின மார்க்கை அங்கே காட்டி என்ன பண்றது :)

நம்ம ஊர்லயும் வழி இருக்கு. டெல்லி ஜே.என்.யு.ல ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ், இத்தாலியன், லத்தீன் அமெரிக்கப் படிப்புகளுக்குன்னே ஒரு மையம் உண்டு. டெல்லி பல்கலைக்கழகத்துல, ஹைதராபாத் இஃப்ளுல எல்லாம் ஸ்பானிஷ் முதுநிலை இருக்கு. ஜே.என்.யு.க்கு சி.யு.இ.டி. பி.ஜி. நுழைவுத்தேர்வு எழுதணும். அந்தத் தேர்வு ஹால்ல நம்ம பக்கத்துல உக்காந்திருக்கறவன் மூணு வருஷம் பி.ஏ. ஆனர்ஸ்ல ஸ்பானிஷ் மட்டுமே சாப்பிட்டு வந்தவனா இருப்பான். நாம சனி ஞாயிறு வகுப்புக்குப் போய் வந்த கோஷ்டி. போட்டி எங்கேன்னு இப்போ புரிஞ்சிருக்கும்.

அதான் முதல் பூட்டு: மொழி. சான்றிதழ்னு பாத்தா, செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்தற டெலே தேர்வுதான் பேர் போனது. ஏ1-ல ஆரம்பிச்சு சி2 வரைக்கும் ஆறு படி. ஸ்பெயின்ல மாஸ்டருக்கு பெரும்பாலும் பி2 கேப்பாங்க, இலக்கியம்னா பல இடத்துல சி1. படி படியா ஏறணும்னு கட்டாயம் இல்லை, நேரா மேல் படித் தேர்வையே எழுதலாம். ஒரு தடவை வாங்கின சான்றிதழ் ஆயுசுக்கும் செல்லும். பி2-ல ரெண்டு பிரிவு, ஒவ்வொண்ணுக்கும் 50 மார்க். படிக்கறதும் எழுதறதும் ஒரு பிரிவு, கேக்கறதும் பேசறதும் இன்னொண்ணு. ரெண்டுலயும் தனித்தனியா 30 எடுத்தாகணும். பேச்சுல அள்ளின மார்க்கை எழுத்துக்குக் கடன் கொடுக்க முடியாது.

இப்ப நம்ம பாடத்துக்கு வருவோம், அதாவது கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி சொல்லித் தருது. இங்கிலீஷ் தெரிஞ்சவங்க வேலை பாக்கற அளவுக்கு ஸ்பானிஷ் பழக 600-லிருந்து 750 வகுப்பு மணி ஆகும்னு அவங்க கணக்கு. அது முழு நேரமா உக்காந்து படிக்கறவங்களுக்கு. என் வகுப்பு வாரம் நாலு மணி நேரம். வருஷத்துக்கு 50 வாரம்னு தாராளமா வெச்சாலும் 200 மணி. 750-ஐ வகுத்துப் பாருங்க, மூணே முக்கால் வருஷம்! தினம் வீட்ல ஒரு மணி நேரம் சேர்த்து உக்காந்தா வருஷத்துக்கு 565 மணி, ஒண்ணரை வருஷத்துக்குள்ள முடியும். சி.ஏ.க்கு ஆர்டிகிள்ஷிப் போற நேரத்தை விடக் கம்மிதான்னு அப்பாகிட்ட சொல்லிப் பாத்தேன். அவர் பேப்பரைத் திருப்பிட்டார்.

ரெண்டாவது பூட்டைப் பத்தி விண்ணப்பப் படிவத்துல ஒரு வரி கூட இருக்காது. அதுதான் கஷ்டமானது. பி2 வாங்கினவன் செய்தித்தாள் படிப்பான், சண்டை போடுவான், வீட்டு வாடகை பேசுவான். ஆனா எம்.ஏ.ல கையில கொடுக்கறது 1499-ல வந்த 'செலஸ்தினா', 1554-ல வந்த 'லாசரியோ தெ தோர்மெஸ்', 1605-லயும் 1615-லயும் ரெண்டு பாகமா வந்த 'தோன் கிஹோத்தே'. பேச்சுத் தமிழ் கத்துக்கிட்டு வந்த வெள்ளைக்காரர்கிட்ட கம்பராமாயணத்தைக் கொடுத்த கதை.

ஒரு சின்ன உதாரணம். நம்ம வகுப்புல முதல் வாரமே 'உஸ்தெத்' கத்துக் கொடுத்துடுவாங்க, மரியாதையா 'நீங்க'ன்னு சொல்ற வார்த்தை. 'லாசரியோ' முழுக்க ஒருத்தருக்கு எழுதற கடிதம் மாதிரி போகுது, அவரை அழைக்கறது 'புவெஸ்த்ரா மெர்செத்'னு. உங்கள் கருணைன்னு சொல்ற மாதிரி. அது நூறு வாய்ல தேஞ்சு தேஞ்சுதான் கடைசில 'உஸ்தெத்' ஆச்சு. இது தெரிஞ்ச அன்னிக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரலை, நம்புங்க. எம்.ஏ. ஆசை கெட்டியானது அன்னிக்குத்தான்.

கவிதைன்னா இன்னும் தமாஷ். அங்கேயும் ஒரு வரியில எத்தனை அசைன்னு எண்ணணும். ஸானெட் வரின்னா 11 அசை. ஒரு சொல் உயிர்ல முடிஞ்சு அடுத்தது உயிர்ல ஆரம்பிச்சா ரெண்டும் ஒட்டி ஒரே அசை. வரியின் கடைசிச் சொல் கடைசி அசையில அழுத்தம் பெற்றா ஒண்ணு கூட்டணும், கடைசியிலிருந்து மூணாவது அசையில பெற்றா ஒண்ணு கழிக்கணும். பத்தாவதுல குறளை அலகிட்டு 'தேமா புளிமா' எழுதினது ஞாபகம் இருக்கா? அதை வெறுக்காத ஆளுங்களுக்கு இது சுலபமா வரும். வணிகவியல்ல கூட்டிக் கழிச்சது வீண் போகலை.

இதுக்கெல்லாம் முன்னாடி இன்னொரு கேள்வி: எந்த மாஸ்டர்? 1218-லிருந்து இருக்கற சலமாங்கா பல்கலைக்கழகத்துல இலக்கியத்துக்கு ஒரு மாஸ்டர், ஸ்பானிஷை அந்நிய மொழியா சொல்லிக் கொடுக்கறதுக்கு ஒரு மாஸ்டர்னு தனித்தனியா இருக்கு. வேலைன்னு மட்டும் பாத்தா ரெண்டாவது புத்திசாலித்தனம். எனக்கு மனசு முதல்லதான் போகுது, என்ன பண்றது.

பொதுவா இந்த மாஸ்டர் 60 கிரெடிட், ஒரு வருஷம். ஒரு கிரெடிட்டுன்னா 25-லிருந்து 30 மணி நேர உழைப்பு. அதாவது 1500 மணிக்குக் குறையாம. கடைசில ஒரு ஆய்வேடு. அரசுப் பல்கலைக்கழகங்கள்ல கட்டணம் கிரெடிட் கணக்கு, அப்படியே யூனிட் காஸ்ட் மாதிரி. விலையை அந்தந்தப் பிராந்திய அரசு வைக்கும். சில பிராந்தியங்கள்ல ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வர்றவங்களுக்குக் கட்டணம் அதிகம், அதனால ஊரைப் பாத்துத் தேர்ந்தெடுங்க. பட்டத்துக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும் அப்போஸ்தில் முத்திரை வாங்கணும் (2005-லிருந்து இந்தியாவும் இந்த ஒப்பந்தத்துல இருக்கு, தூதரகம் தூதரகமா அலைய வேண்டாம்). அரசு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர்கிட்ட ஸ்பானிஷ்ல மாத்தணும். விசாவுக்குப் போலீஸ் சான்று, மருத்துவச் சான்று, கையில காசு இருக்குங்கற அத்தாட்சி. இதுக்கே சில மாசம் போயிடும்.

அமெரிக்காவும் இருக்கு. அங்கே சாதாரணமா ரெண்டு வருஷம், 30 கிரெடிட்டுக்கு மேல. ஸ்பானிஷ்ல எழுதின ஒரு கட்டுரையை மாதிரிக்கு அனுப்பணும், மூணு பேராசிரியர் கடிதம் வேணும், பல இடங்கள்ல கடைசில ஒரு பெரிய வாசிப்புப் பட்டியலை வெச்சுத் தேர்வு. இளநிலை மாணவர்களுக்குப் பாடம் எடுத்தா கட்டணம் தள்ளுபடி கிடைக்கற வாய்ப்பு உண்டு. என் சிக்கல் அந்த மூணு கடிதம். எனக்கு நல்லா தெரிஞ்ச பேராசிரியர்கள் எல்லாம் வருமான வரி எடுக்கறவங்க.

முடிச்சுட்டு என்ன? மொழிபெயர்ப்பு, ஸ்பானிஷ் தெரிஞ்ச ஆளைத் தேடற கம்பெனிகள், பள்ளிக்கூடம். கல்லூரியில பாடம் எடுக்கணும்னா யு.ஜி.சி. நெட் தேர்வுல ஸ்பானிஷும் ஒரு பாடம், முதுநிலையில 55 சதவீதம் வேணும். வெளிநாட்டுல வாங்கின பட்டம்னா இங்கே சமம்னு சான்று வாங்கணும். ஒரு வருஷ மாஸ்டருக்கு அது கிடைக்குமான்னு பணம் கட்டறதுக்கு முன்னாடி கேட்டுடுங்க, கட்டினப்புறம் இல்லை.

நான் என்ன பண்ணப் போறேன்? இந்த வருஷம் எங்கேயும் விண்ணப்பிக்கலை. பரீட்சை முடிஞ்சதும் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை, காலையில ஒரு மணி நேரம் ஸ்பானிஷ், முதல்ல பி2. சி1-க்கு அப்புறம்தான் சலமாங்காவா ஜே.என்.யு.வான்னு முடிவு. அப்பாகிட்ட ரெண்டு வருஷம் தவணை கேட்டிருக்கேன். "பாக்கலாம்"னார். எங்க வீட்ல அந்த வார்த்தைக்கு 'சரி'ன்னும் அர்த்தம் உண்டு.

அதுவரைக்கும் 'லாசரியோ'. ஏழே அத்தியாயம், எழுதினது யாருன்னே தெரியாது. இப்ப மூணாவதுல இருக்கேன். ஒரு ஏழைக் கனவான், வீட்ல ரொட்டித் துண்டு கூட கிடையாது, ஆனா சாப்பிட்டு முடிச்ச மாதிரி பல் குத்திக்கிட்டே தெருவுல நடக்கறான். நாளைக்கு ஒரு பக்கம்னு போயிட்டிருக்கு, அகராதியோடதான்.