மலைவழிப் பாட்டு

1997 வரை மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கௌதள்ளி, கொள்ளேகாலத்திலிருந்து மாதேசுவர மலைக்குச் செல்லும் சாலையில் உள்ளது. அங்கே அடியார்கள் ‘கம்சாளே’ என்னும் வெண்கலத் தாளம் ஒலிக்கப் பாடியதை நாம் வழிபாட்டுப் பாட்டென்றே கேட்கலானோம். கேட்கக் கேட்க வேறொன்று புலப்பட்டது. சுத்தூர் மடம், குந்தூர் மடம் எனத் தங்கித் தங்கி நடந்து, எழுபத்தேழு மலைகளுள் வழி தேடிப் புகுந்த ஒருவரின் பயணமன்றோ இது!

கூத்தருக்கு மலைவழி கூறும் மலைபடுகடாத்தின் 583 அடிகளைப் பட்டத் தேர்வுக்காக உரையோடு கற்றவர் நாம். அன்று மதிப்பெண் கிடைத்தது, மனம் நெகிழவில்லை.

இங்கோ, மலையேறப் புறப்படும் சோலிகன் நீலேகௌடன் தன் மனைவி சங்கம்மாவிடம் கற்புக்கு ஆணை கேட்கிறான். அவள் மறுக்கிறாள். அவளைக் குடிலில் அடைத்துவிட்டுப் போகிறான். அவ்விடத்தில் பாடகரின் குரல் தாழ்ந்தது, தாளமும் தளர்ந்தது. கன்னடச் சொற்களில் பாதியே நமக்கு விளங்கின. கண்கள் கலங்க அதுவே போதுமாயிருந்தது. (அருகிலிருந்த முதியவர் நம்மைப் பார்த்துத் தலையசைத்தார்.)

இக்கதையைப் பி. கே. ராஜசேகர தொகுத்து 1973இல் நூலாக்கினார். அச்சில் தாளம் ஏது? பெருங்கௌசிகனாரின் பாட்டையும் கூத்தர் இப்படித்தான், அடுத்த மேட்டைக் கண்ணால் அளந்தபடி, பாடிச் சென்றனரோ?