தட்டிக்கு அந்தப் பக்கம்

யாழ்ப்பாணத்தில் வழுக்கையாற்றுக்குக் கிட்ட இருந்த எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சுவர் அரைவாசி உயரம்தான். ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, இடையிடையே ஓலைத் தட்டி. மூன்றாம் வகுப்பில் எங்கள் ரீச்சர் ஆத்திசூடி சொல்லித்தருவா. தட்டிக்கு அந்தப் பக்கம் பெரிய வாத்தியார், "அரையிலே கால் எவ்வளவு?" என்று ஐந்தாம் வகுப்பை உறுக்குவார். சில நேரம் மறுமொழி இந்தப் பக்கத்திலிருந்து போகும். "ஆரடா அது?" என்பார். அடி விழாது. அந்தச் சத்தக்காட்டில் எப்படிப் படித்தீர்கள் என்று கேட்கிறார்கள். எனக்குப் பின்னக்கணக்கு வந்ததே அந்தச் சத்தத்தால்தான்.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்க, வலிகாமம் வடக்குப் பிள்ளைகளும் இடம்பெயர்ந்து வந்து எங்களோடு வாங்கில் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய்க்கு யானை விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதினைக்குப் படித்தோம். வெங்காயம் கிண்டுகிற நாளில் வகுப்பு பாதி வெறுமை. வாத்தியார் சைக்கிளில் தோட்டத்துக்கே போவார்.

"தம்பி, பிள்ளையை அனுப்பு. சோதினை வருது."

"மழை வந்தால் எல்லாம் அழுகிப்போம் வாத்தியார். நாளைக்கு விடுறன்."

அப்படி நின்றுபோன ஒருவன், பத்து அந்தர் வெங்காயத்துக்குக் கழிவு போக வரும் காசை மனதாலேயே சொல்லுவான். தாளில் அதே கணக்கு வந்தால் முழிப்பான். வெட்டுப்புள்ளிக்கு அவன் கிட்டவும் வரவில்லை.

கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது. கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளையை நல்ல பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவிடத்தான் இந்த ஐந்தாம் ஆண்டுச் சோதினை. எங்கள் ஊரில் அது சொன்னபடியே வேலை செய்தது. கல்விக் கந்தோர் முதல் தேத்தண்ணிக்கடை வரை, எத்தனை பேர் பாஸ் என்பதை வைத்தே பள்ளிக்கூடத்தை மதித்தார்கள். ஒரு பிள்ளை பாஸ் பண்ணினாலும் வாத்தியார் எல்லாருக்கும் கற்கண்டு கொடுப்பார், தன் பள்ளிக்கூடத்தைத் தானே காலியாக்குகிறார் என்று அப்போது ஆருக்குத் தெரியும்? 1995 ஒக்டோபரில் சண்டையால் எங்கள் வலிகாமமே வெளிக்கிட்டது. திரும்பி வந்தபோது தட்டியும் இல்லை, வாங்கும் இல்லை. ஏறிப்போனவர்கள் கொழும்பு, ஸ்காபரோ என்று இன்னும் ஏறிப்போனார்கள்.

இப்போது நல்ல கட்டடம், மின்விசிறியும் உண்டு. வருசம் பிறந்தால் ரீச்சர்மார் முதலாம் ஆண்டுக்குப் பிள்ளை கேட்டு வீடுவீடாகப் போகிறார்கள். அதே ஒழுங்கையால் காலையில் பட்டணத்துப் பள்ளிக்கூட வான் போகும். அதற்குள் இருக்கிற பிள்ளைகளின் தாய்தகப்பன் பாதிப்பேர் எங்கள் வாத்தியாரிடம் படித்தவர்கள்.