மடிப்புக் கலையாத சட்டை

தோழர்களே! நம்மீது நெடுநாளாக ஒரு குற்றச்சாட்டு உண்டு. கொலையன்று, களவன்று, கோயில் உண்டியலில் கைவைத்த குற்றமும் அன்று. "உடைமீது இவருக்குப் பித்து" என்பதே அது. மறுக்க வழியில்லை. சட்டையில் சலவை மடிப்புக் கலையக் கூடாது நமக்கு. வேட்டியின் கறுப்பும் சிவப்பும் கலந்த கரை, கணுக்காலுக்கு நேரே கோடு கிழித்ததுபோல் விழ வேண்டும். துணிக்கடைக் கண்ணாடிக்குள் நல்ல நெசவொன்றைக் கண்டுவிட்டால், கால் மேலே நடக்க மறுத்துவிடும்.

சென்ற கோடையில் திண்டிவனத்தில் ஒரு படிப்பு வட்டத்துக்குப் பேசப் போயிருந்தோம். பெண்ணடிமைத்தனம் பற்றிய பேச்சு. முடிந்ததும் இளந்தோழர் ஒருவர் எழுந்தார். "ஐயா, நகையைத் துற, ஆடம்பரத்தைத் துற என்கிறீர்கள். தங்கள் சட்டையைப் பார்த்தால் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் புறப்பட்டவர் போலல்லவா இருக்கிறது! உப்பளத் தொழிலாளியின் பிள்ளைக்கு இத்தனை மினுக்கு எதற்கு?" என்றார். அவை சிரித்தது. நாமும் சிரித்தோம். ஏதோ கூறிச் சமாளித்தோமேயன்றி, உண்மையான விடையைக் கூறவில்லை. ஐந்து மணித்துளிக் கேள்வி நேரத்தில் அடங்குகிற விடையன்று அது.

மரக்காணம் நம் ஊர். வங்கக் கடலுக்கும் கழுவெளிக்கும் இடையே, பக்கிங்காம் கால்வாயை ஒட்டி, கண்ணுக்கெட்டிய தொலைவுக்குப் பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கும் உப்பளம். புதுச்சேரியிலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே வருவோர், வண்டியின் சாளரம் வழியே உப்புக் குவியலைக் கண்டு, "ஆகா, வெள்ளி மலை!" என்பர், படம் பிடிப்பர், போய்விடுவர். அந்த வெள்ளி மலையை வாரிக் குவித்தவரின் பாதத்தைப் படம் பிடித்தோர் எத்தனை பேர்?

உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிக் காயவிடுவது இத்தொழில். கடல்நீரின் அடர்த்தி போமே அளவில் ஏறத்தாழ 3 பாகை. வெயில் குடிக்கக் குடிக்க அது ஏறி, 25 பாகையைத் தொடும்போது உப்புப் பூக்கத் தொடங்கும். அதற்கு முன்பே பாத்தியின் தரையை மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தியாக வேண்டும். மிதிப்பது வெறுங்கால். பூத்த உப்பை நீண்ட கழியில் பொருத்திய பலகையால் வார வேண்டும், கூடையில் அள்ளித் தலையில் சுமக்க வேண்டும். கூடையிலிருந்து ஒழுகும் நீர் கழுத்தில் இறங்கி முதுகில் வழியும். வெண்மையில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கும். ஐப்பசி மழை இறங்கினால் உப்பும் கரையும், கூலியும் கரையும்.

ஆயினும் உப்பளம் அழகானது, அதை மறைப்பானேன்? நீர் முற்றி அடரும் பாத்திகளில் செந்நிறம் படரும். அந்தக் கடும் உப்பிலும் உயிர்வாழும் நுண்ணுயிர்களின் வேலை அது. கழுவெளிக்கு வரும் பூநாரையின் சிறகுச் சிவப்பும் அதன் உணவிலுள்ள நிறமிகளால் வருவதே. ஆண்டவன் தூரிகை கொண்டு தீட்டினான் என்று புராணிகர் கதைக்கட்டும். காரணம் அறிந்தபின் நமக்கு அந்தச் சிவப்பு மேலும் அழகாகவே தெரிகிறது. நம் அன்னையார் எழுத்தறியாதவர், நுண்ணுயிரும் அறியாதவர். விடியற்காலையில் பாத்தியைக் காட்டி, "பாருடா, மாதுளம்பூக் கலர்ல சேலை விரிச்ச மாதிரி இருக்கு" என்பார். அந்தக் கண்தான் நமக்கு வாய்த்த ஒரே குடும்பச் சொத்து.

அவ்வாறு பார்க்கத் தெரிந்தவர் உடுத்தது என்ன? ஒரு பழஞ்சேலை, அதன்மேல் நம் தந்தையாரின் கிழிந்த முழுக்கைச் சட்டை, தலையில் கூடைச் சும்மாட்டுக்கு ஒரு கந்தல். உவர்நீரில் நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, துணி அட்டைபோல் விறைத்துப் போகும். சாயம் ஓடிவிடும், மடித்த இடத்தில் இற்றுவிடும். உப்பளத்தில் எல்லாச் சேலைக்கும் இறுதியில் ஒரே நிறம்தான்.

1968-ஆம் ஆண்டு. அண்ணாவின் ஆட்சி கொண்டுவந்த சட்டத்தால், புரோகிதரற்ற சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்றான ஆண்டு. அந்தக் கோடையில் நம் தெருவில் அப்படியொரு திருமணம். அன்னையார் இரண்டு ஆண்டாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த காசை முடிந்துகொண்டு புதுச்சேரிக்குப் போனார். நம்மையும் அழைத்துப் போனார். அப்போது நமக்கு வயது ஒன்பது. கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டவை எல்லாம் அழுக்குத் தெரியாத நிறங்கள். "உழைக்கிற சனம், இதுதான் தாங்கும்" என்றார். அன்னையார் அவற்றைத் தொடவில்லை. மேல் தட்டைக் காட்டினார். நீலம். நடுக்கடல் நீலம். கிளிப்பச்சைக் கரை. வீடு வரும்வரை பொட்டலத்தை மடியிலேயே வைத்திருந்தார்.

திருமணத்துக்கு அதை உடுத்திக்கொண்டு, செருப்பும் அணிந்து, ஊர்த்தெரு வழியே நடந்தார். மறுநாள் அளத்துக்குப் போனபோது, குத்தகைக்கு அளம் எடுத்திருந்தவர் வரப்பில் நின்றபடி, "உப்பு வார்றவளுக்கு நீலச் சேலை கேக்குதோ? அதைக் கட்டிக்கிட்டு எங்க தெருவுல நடக்கணுமோ? வேலை இல்லை, போடி!" என்றாராம். மூன்று நாள் வேலை இல்லை. மூன்று நாளும் அடுப்பில் கேழ்வரகுக் கூழ் மட்டுமே கொதித்தது. நான்காம் நாள் ஆளில்லாமல் அவரே சொல்லி அனுப்பினார். அன்னையார் புறப்பட்டார். பழஞ்சேலையிலன்று, அந்த நீலச் சேலையில்! தந்தையார் பதறினார்: "ஏ புள்ள, ஒரே நாள்ல பாழாப் போயிடுமே!" அன்னையார் கூறிய விடை ஒன்றே: "கட்டிக்கத்தானே வாங்கினேன்."

அன்று முழுதும் அந்தச் சேலையிலேயே உப்பு வாரினார். குத்தகைதாரர் வரப்பில் வந்து நின்றார், பார்த்தார், ஒன்றும் பேசாமல் போனார். மாலையில் முழங்காலுக்குக் கீழே நீலம் வெளுத்து, கரையில் உப்புப் பொரிந்திருந்தது. எத்தனை முறை அலசியும் அந்த வெளுப்புப் போகவில்லை. அச்சேலை இன்றும் நம் இல்லத்துப் பெட்டியில் இருக்கிறது.

தோழர்களே, இது ஓர் ஊரின் கதையோ, ஒரு வரப்பில் நின்ற ஒருவரின் திமிரோ மட்டுமன்று. ஏடுகளைப் புரட்டுங்கள். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகள் விதித்தனர். ஹட்டன் என்னும் ஆங்கில அதிகாரி தம் நூலில் அவற்றைப் பதிந்து வைத்திருக்கிறார். பொன்னும் வெள்ளியும் அணியாதே! ஆணே, முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி கூடாது! சட்டையோ பனியனோ போடாதே! பெண்ணே, மார்பை மூடாதே, பூச்சூடாதே! குடை பிடிக்காதே, செருப்பு அணியாதே! நிலத்தைக் கேட்டதற்கா இந்தத் தடை? ஆட்சியைக் கேட்டதற்கா? இல்லை. ஒரு முழம் பூவுக்கு! ஒரு பனியனுக்கு! சோற்றைத் தடுப்பவன் வயிற்றைப் பட்டினி போடுகிறான். பூவைத் தடுப்பவனோ, "நீ பார்க்கத்தக்க மனிதன் அல்லன்" என்று அறிவிக்கிறான்.

திருவிதாங்கூரின் தோள்சீலைப் போராட்டம் நாம் அறிந்ததே. அதன் முடிவில் 1859 சூலையில் வந்த அரச அறிவிப்பைக் கூர்ந்து படித்தவர் சிலரே. சாணார் பெண்கள் குப்பாயம் அணியலாம், முரட்டுத் துணி போர்த்தலாம், வேறெவ்வகையிலும் மறைத்துக்கொள்ளலாம்; ஆனால், உயர்சாதிப் பெண்களைப்போல் மட்டும் உடுத்தக் கூடாது! மானத்தை மூட இசைவு தந்தான் மன்னன். அழகாய் மூடுவதற்குத் தரவில்லை. நம் அன்னையாருக்கும் பழஞ்சேலைக்கு எவரும் தடை சொல்லவில்லை. தடை, நீலத்துக்கு.

"பெரியார் நகையை வெறுத்தாரே, பெண்கள் தலைமுடியைக் குறைத்துக்கொண்டு ஆண்களைப்போல் எளிதாக உடுத்தட்டும் என்றாரே" என்று கேட்பீர். ஆம், கூறினார். பெண்ணை நகை மாட்டும் கொடுங்கையாக, பிறர் கண்ணுக்கு வைத்த பொம்மையாக ஆக்குவதைச் சாடினார். சாட வேண்டியதுதான். நம் இல்லத்தில் தாலி இல்லை, நம் விரலில் மோதிரம் இல்லை. 1915-இல் கொல்லத்துப் பக்கம் புலையர் பெண்கள், சாதி அடையாளமாகக் கழுத்தில் சுமத்தப்பட்டிருந்த கல்மாலைகளை அய்யன்காளியின் அழைப்பை ஏற்று அறுத்தெறிந்தனர். 1927-இல் மகாடில் அம்பேத்கர், தம் இனப் பெண்களிடம், கட்டிப்படுத்தப்பட்ட வகையில் சேலை கட்டாதீர், மேல்சாதிப் பெண்கள் கட்டுவதுபோல் கட்டுங்கள், கனத்த வெள்ளிக் காப்புகளைக் கழற்றுங்கள் என்றார். கழற்றியதும் விடுதலைக்கு, கட்டியதும் விடுதலைக்கு! எந்தப் பொருள் என்பதைவிட, யார் ஆணையால் அது உடலில் ஏறுகிறது என்பதே கேள்வி.

காந்தியார் 1921 செப்டம்பரில் மதுரையில் மேலாடை களைந்து அரைத்துணி கட்டினார். ஏழையின் கோலம் என்று நாடு போற்றியது. அவர் உள்ளத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் களைவதற்கு அவரிடம் சட்டை இருந்தது. சட்டையே மறுக்கப்பட்டவன் எதைக் களைந்து துறவியாவான்? அம்பேத்கரின் கோட்டையும் கழுத்துப் பட்டையையும் கேலி பேசியவர்களுக்கு இந்தக் கேள்வி இறுதிவரை விளங்கவேயில்லை.

நம் இயக்கம் துணியின் வலிமையை அறிந்த இயக்கம். ஈரோட்டின் செல்வ வணிகராயிருந்த பெரியார், காங்கிரசில் இருந்த நாளில் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்றவர். 1929 பிப்ரவரியில் கூடிய செங்கற்பட்டு மாநாடு, பெயருக்குப் பின்னுள்ள சாதிப் பட்டத்தையும் நெற்றியிலுள்ள சமயக் குறியையும் ஒருங்கே களையச் சொன்னது. 1945-இல் எழுந்த கருஞ்சட்டைப் படையை 1948-இல் அரசு தடை செய்தது. ஒரு சட்டையின் நிறத்தைக் கண்டு அரசாங்கம் அஞ்சியது! நெசவாளர் நகராம் காஞ்சியில் பிறந்த அண்ணாவும் அவர்தம் தோழர்களும் 1953-இல், தறிகள் முடங்கி நெசவாளி பட்டினி கிடந்தபோது, கைத்தறித் துணிகளைத் தெருத்தெருவாகச் சுமந்து விற்றனர். உடையைப் பற்றி அண்ணா பெரிதும் கவலைப்பட்டதில்லை. எனினும் நெய்தவனின் கைத்திறனை வாங்குவோர் வேண்டும் என்று கவலைப்பட்டார். புரட்சிக்கவிஞரோ 1944-இல் தம் நூலுக்கு 'அழகின் சிரிப்பு' என்றே பெயரிட்டார். அழகைப் பழமைவாதியிடம் விட்டுவிட்டு வந்த இயக்கமன்று நம்முடையது.

இவ்வளவு கூறியதால் நம்மிடம் குறையே இல்லை என்று எண்ணிவிடாதீர். பத்தாண்டுக்கு முன் ஒரு பட்டு வேட்டியைக் கண்டு மயங்கிக் கடன் வாங்கினோம். துணைவியார் ஒரே வரியில் முடித்தார்: "இந்த வேட்டிக்குப் புழுவும் வெந்தது, நம் வீட்டு வாடகையும் வெந்தது." அதன்பின் நாம் பட்டுப் பக்கம் போவதில்லை. கறுப்புத் தோலை வெளுக்க வைப்பதாகக் கூறிக் களிம்பு விற்கும் 'அழகு' வாணிகத்திலும் நமக்கு உடன்பாடில்லை. உப்புக்கு வெண்மை சிறப்பு, மனிதனுக்கு அது எதற்கு? இன்னொன்றும் உறுத்துகிறது: நாம் போற்றும் சட்டையைத் தைத்த பெண்ணுக்கு நல்ல சட்டை உண்டா என்பது. திருப்பூருக்குப் போய்வந்த நாள்முதல் அக்கேள்வி நம்மை விடவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டால் அதற்கு விடை கிடைத்துவிடாது என்பது மட்டும் தெரிகிறது.

திண்டிவனத்துத் தோழர் கேட்டபின், ஆடி மாதத்தில் ஒரு காலை உப்பளத்துக்குப் போனோம். பெண்கள் வாரிக்கொண்டிருந்தனர். இன்றும் சேலைமேல் ஆண் சட்டை, தலையில் துணி. சிலர் காலில் மட்டும் காலுறை. நம் உறவுமுறைப் பெண்ணொருத்தி கூடையை இறக்கிவிட்டு அருகே வந்தாள். நலம் விசாரித்தாள். பிறகு கையைத் தன் சட்டையில் இருமுறை நன்றாகத் துடைத்துக்கொண்டு, நம் சட்டையின் விளிம்பை இரு விரலால் பிடித்துப் பார்த்தாள்.

"என்ன துணி பெரியப்பா இது?"

"கைத்தறிம்மா. பருத்தி."

"நெய்ப்பு நல்லாருக்கு. இதுல சேலை வருமா?"

வரும் என்றோம். விலை கேட்டாள், கூறினோம். விரலை மடக்கி எத்தனை நாள் கூலி என்று எண்ணினாள். கடலோரக் காற்றில் தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

"பொங்கலுக்கு எடுத்துடலாம். நீலம் இருக்குமா?"

இருக்கும் என்றோம். கடைக்குப் போகும் வழியையும் சொல்லிவிட்டு வந்தோம்.