நீலசந்திராவில் ஒரு சென்னை வண்டி

பெங்களூருக்கு வரும் உறவினர்களை நாம் எங்கெங்கே அழைத்துச் செல்கிறோம்? லால்பாக், கப்பன் பூங்கா, விதான சௌதா. நேரமிருந்தால் அல்சூர் ஏரி. பிறகு ஊருக்கு வண்டி ஏற்றிவிடுகிறோம். நம்மவர் நெருங்கி வாழும் பேட்டைகளை அவர்களுக்குக் காட்டுவதுமில்லை. நாமே நின்று பார்ப்பதுமில்லை. இக்குறையைச் சிறிதேனும் போக்கும் எண்ணத்துடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீலசந்திராவுக்குச் சென்று வந்தோம். அங்கே கண்டவற்றுள் ஒன்றைப் பற்றி மட்டும் அன்பர்களுக்கு எழுத விழைகிறோம். அது கோயிலன்று, மாளிகையுமன்று. ஒரு மோட்டார் என்ஜின்.

நீலசந்திரா என்று தமிழில் எழுதிப் பார்த்தால் நீல நிலவே கண்முன் தோன்றும். ஆயின் ஜக்கசந்திரா, சிங்கசந்திரா என இவ்வூரைச் சுற்றி வழங்கும் பெயர்களின் ஈற்றுச்சொல், 'சமுத்திரம்' என்பதன் திரிபென்றும், அது ஏரியைக் குறிப்பதென்றும் கூறுவோர் உளர். இன்று அங்கே வீட்டோடு வீடு ஒட்டி நிற்கிறது. ஒரே சந்தில் தமிழும் உருதுவும் கன்னடமும் கலந்து ஒலிக்கின்றன.

நம்மவர் இப்பக்கம் வந்த வரலாறு நீண்டது. 1809-ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலேயர் இங்கே தண்டு இறக்கினர். சென்னைப் பட்டாளத்துடன் சிப்பாய்களும், அவர்களுக்கு வேண்டிய பல தொழிலாளரும் ஆற்காட்டுப் பகுதிகளிலிருந்து வந்து சேர்ந்தனர். 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வந்தபின் வருகை இன்னும் பெருகிற்று. கையில் ஒரு தொழிலுடன் வந்தவர்களே இங்கு மிகுதி.

அத்தகையோரில் ஒருவரின் கொட்டகைக்குத்தான் நாம் சென்றோம். ஆஸ்டின் டவுன் பக்கமிருந்து நுழைந்து, கடைத்தெருவின் நெரிசலைக் கடந்து, ஒரு சந்தின் முடிவில் தகரக் கூரை. சிறுவயதில் வட ஆற்காட்டிலிருந்து வந்து, ஐம்பது ஆண்டுகளாக இதே தொழிலில் இருக்கும் பெரியவர் அவர். வேலை செய்யும் பிள்ளைகள் 'மேஸ்திரி' என்று அழைக்கின்றனர். நாம் 'ஐயா' என்றோம். கூரையின் கீழ் நின்றது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டி.

இளைய அன்பர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் வெளியான மோட்டார். அதன் உருவத்தை வரைந்தவர் மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். சென்னையை அடுத்த வண்டலூரில் ஆலை நடத்திய ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி 1961 முதல் அதனை இங்கே செய்தது. 1971-ஐயொட்டி ஹெரால்டு நின்று, அதன் வழித்தோன்றலான கெஜல் சில ஆண்டுகள் வந்தது. அக்காலத்தில் நம் நாட்டில் பெருவழக்காயிருந்தவை அம்பாசிடரும் ஃபியட்டும். அவற்றினிடையே ஓடிய ஹெரால்டு நம் சென்னைச் சீமையின் வண்டி.

பெரியவர் முன்புறத்தைத் தூக்கினார். மூடி மட்டுமன்று, சக்கரக் கவசங்களும் விளக்குகளும் சேர்ந்து முகம் முழுவதுமே முன்னோக்கிக் கவிழ்ந்தது. அவர் முன்சக்கரத்தின்மேல் திண்ணையில் அமர்வதுபோல் அமர்ந்துகொண்டார். என்ஜின் முழுவதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

நாம் இரயில்வேயில் எழுத்தர். மெட்ரிகுலேஷனுடன் படிப்பை முடித்துக்கொண்டோம். ஆயினும் கணக்கு நமக்குப் பகையன்று. நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றின் குறுக்களவு 63 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறியிறங்கும் உயரம் 76 மில்லிமீட்டர் என்றார். வட்டத்தின் பரப்பைக் கண்டு, உயரத்தால் பெருக்கி, நான்கால் பெருக்கினோம். 948 ஸி.ஸி. வந்தது. வண்டியின் ஏட்டில் எழுதியிருப்பதும் அதுவே. ஒரே கார்புரேட்டருடன் இது தருவது சுமார் 35 குதிரைச் சக்தி. இதே 948 ஸி.ஸி. என்ஜினில் அழுத்த விகிதத்தை எட்டரைக்கு உயர்த்தி, இரட்டைக் கார்புரேட்டர் பூட்டி, இங்கிலாந்தில் விற்ற இருகதவுக் கூப்பே வண்டிக்கு 45 குதிரைச் சக்தி கிடைத்தது.

இக்குடும்பத்தின் கதை இன்னும் சுவையானது. இதன் மூல வடிவம் 1953-இல் 803 ஸி.ஸி. அளவில் ஒரு சிறு குடும்ப வண்டிக்காகப் பிறந்தது. சிலிண்டரின் குறுக்களவைப் பெருக்கிப் பெருக்கி 948 ஆக்கினர். பின்னர் 1147 ஆக்கினர். 1962-இல் வந்த டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் பந்தயச் சாயல் வண்டியில் அமர்ந்தது அந்த 1147-தான். 1965-இல் பிரான்சு நாட்டு லெமான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் ஸ்பிட்ஃபயர் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. 1980-இல் ஸ்பிட்ஃபயர் நிற்கும்வரை இக்குடும்பத்து என்ஜின் 1493 ஸி.ஸி. வரை வளர்ந்தது. நீலசந்திராக் கொட்டகையில் நாம் கண்டது அந்தப் பந்தய வீரனின் மூத்த சகோதரன் என்று கொள்ளலாம்.

இனிப் பராமரிப்புக்கு வருவோம். முதலாவது டாப்பெட். வால்வுக்கும் அதனை அழுத்தும் ராக்கருக்கும் இடையே, என்ஜின் குளிர்ந்த நிலையில், ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் பத்துக் கூறு இடைவெளி இருத்தல் வேண்டும். குறைந்தால் வால்வு முழுதும் மூடாமல் கருகும். மிகுந்தால் தட்டல் ஓசை எழும். எட்டு வால்வுகளையும் எந்த வரிசையில் பார்ப்பது? பெரியவர் இதற்கு 'ஒன்பது கணக்கு' என்று பெயர் வைத்திருக்கிறார். எட்டாவது வால்வு முழுதும் திறந்திருக்கையில் ஒன்றாவதைச் சரிசெய்க, ஏழாவது திறந்திருக்கையில் இரண்டாவதை, ஆறுக்கு மூன்று, ஐந்துக்கு நான்கு. பின்னர் மறுதலையாகவும் அவ்வாறே. இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது. இதைக் கேட்டதும் நமக்குப் பெருமகிழ்ச்சி உண்டாயிற்று. வாய்பாடு கற்ற எச்சிறுவனும் மறவாத முறையன்றோ!

இரண்டாவது, இக்குடும்பத்து என்ஜின்களுக்கே உரிய நோய். கிராங்க் முன்னும் பின்னும் நகராதபடி, பின்புறப் பேரிங்கின் இருபக்கமும் பிறைவடிவத் த்ரஸ்ட் வாஷர்கள் உள்ளன. கிளச்சை மிதிக்குந்தோறும் கிராங்க் முன்னோக்கித் தள்ளப்பட்டு அவை தேயும். தேய்ந்து கழன்று எண்ணெய்த் தொட்டியில் விழுந்தாலோ, இரும்போடு இரும்பு உராய்ந்து என்ஜின் உடலே பாழாகும். இதைக் கண்டறிய என்ஜினைப் பிரிக்க வேண்டுவதில்லை. ஒருவர் கிளச்சை மிதித்து விட, மற்றொருவர் முன்புறத்துப் புல்லியைக் கவனித்தால் போதும். ஒன்றிரண்டு தாளின் கனமே அசையலாம். கண்ணுக்குப் பளிச்செனத் தெரியுமளவு அசைந்தால் அன்றே வண்டியை நிறுத்திவிட வேண்டும். "சிக்னலில் கிளச்சை மிதித்தபடியே காத்திருப்பவர், தம் வண்டியின் ஆயுளைத் தாமே மிதிக்கிறார்" என்றார் பெரியவர். நியூட்ரலில் போட்டுக் காலை எடுத்துவிடுவதே முறை. இந்நகரத்துச் சிக்னல்களை அறிந்த அன்பர்களுக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

மூன்றாவது, மண்ணுக்கேற்ற மாற்றம். பெங்களூர் கடல்மட்டத்திற்கு மேல் சுமார் மூவாயிரம் அடி உயரத்தில் உள்ளது. இங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிடக் குறைவு. சென்னையில் சரிபார்த்து வந்த கார்புரேட்டர் இங்கே காற்றுக்கு மிகுதியாகப் பெட்ரோலைத் தரும்; பிளக் கரிபிடிக்கும். ஆகவே கலவையைச் சற்று மெலிதாக்க வேண்டும். சென்னை வண்டியும் இவ்வூரில் வாழத் தன்னைச் சிறிது திருத்திக்கொண்டாக வேண்டும் என்பதைக் கேட்டு நாம் புன்னகைத்தோம்.

நான்காவது, பெட்ரோல். இவ்வண்டி பிறந்த காலத்தில் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது; அது வால்வு அமரும் இடத்தைக் காத்தது. 2000-ஆம் ஆண்டில் ஈயப் பெட்ரோல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. அது மக்கள் உடல்நலத்திற்கு நன்மையே. ஆனால் பழைய வார்ப்பிரும்புத் தலைகளில் கடினமான இரும்பு வளையங்களைப் பதித்துக்கொள்வது பாதுகாப்பு. இப்போது நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. பழைய ரப்பர்க் குழாய்களை அது இளக்கும். குழாய்களை மாற்றாத வண்டியில் பெட்ரோல் கசிந்தால் தீ அபாயம் உண்டு என்று பெரியவர் எச்சரித்தார். எண்ணெயையோ மூவாயிரம் மைலுக்கு ஒருமுறை தவறாது மாற்றுகிறார்.

சட்டத்தையும் சிறிது அறிக. 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட விதிப்படி, முதற்பதிவு செய்து ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதியலாம். அவ்வாறு பதிந்தால் கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கே சாலையில் ஓட்டலாம், நாள்தோறும் ஓட்டலாகாது. சாதாரணப் பதிவில் வைத்திருப்போர் தகுதிச் சோதனையில் தேற வேண்டும்.

தேற வைப்பவர் யார் என்பதே நம் கவலை. உதிரிப் பொருள்கள் அரிதாயின. ஜே.ஸி. ரோட்டுக் கடைகளில் தேடியும் கிடைக்காதவற்றைப் பெரியவர் லேத்துப் பட்டறையில் கடைந்து கொள்கிறார். ஆனால் அவருடைய கண்பார்வை மங்கி வருகிறது. மகன் வேறு வேலைக்குப் போய்விட்டார். கொட்டகைப் பிள்ளைகள் புதிய வண்டிகளின் வேலையையே விரும்புகின்றனர். அதில்தான் கூலி உண்டு, அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. "ஐயா, இவற்றை எங்கேனும் எழுதி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டோம். அவர் தம் இரு கைகளையும் விரித்துக் காட்டினார். வேறு விடை சொல்லவில்லை.

இரயில்வேயிலும் இத்தகைய கைகள் உண்டு. சிறு சுத்தியலால் சக்கரத்தைத் தட்டி, ஓசையைக் கொண்டே விரிசலை அறிந்தவர்களைப் பற்றி மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அச்செவியைக் கோப்புகளில் காண முடியாது. ஆனால் 'ஒன்பது கணக்கு' காதோடு நிற்கும் நுட்பமன்று. தாளில் எழுதக் கூடியது. பெரியவரின் பேத்தி பத்தாம் வகுப்பு மாணவி. அன்று அவர் சொல்லச் சொல்ல அவளே ஒரு கோடுபோட்ட நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதத் தொடங்கினாள். நாம் புறப்படுகையில் நான்கு பக்கங்கள் நிறைந்திருந்தன. த்ரஸ்ட் வாஷருக்குப் படமும் வரைந்திருந்தாள்.

அன்பர்களே, நம் குடும்பங்களில் தச்சரும் கொல்லரும், தையற்காரரும் சமையற்காரரும், மோட்டார் மேஸ்திரிகளும் பலர். பிழைப்புத் தேடி வந்த ஊரில் அவர்களை வாழவைத்தது கைத்தொழில். பிள்ளைகள் அத்தொழிலையே செய்ய வேண்டுமென்று நாம் கூறவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அவர்களருகில் அமர்ந்து, எதை எவ்வளவு, எந்த வரிசையில் செய்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். வரும் ஞாயிறே தொடங்கலாம்.