தாதியியலும் என் சின்னம்மாவும்

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் ஒருநாட் பிற்பகல், எமது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தாதியியல் துறையைச் சேர்ந்த இளம் விரிவுரையாளர் ஒருவர், இறுதியாண்டு மாணவி ஒருவரையும் அழைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். மாணவியின் கையில் நான்கு தாள்கள் இருந்தன. சத்திரசிகிச்சைக்குப் பின்னர் நோயாளர் படும் நோவினை அளந்தறிவதற்கான வினாக்கொத்து அது. ஆங்கில மூலத்தை இருவர் தனித்தனியே தமிழாக்கியிருந்தனர். அவ்விரண்டையும் ஒப்புநோக்கிப் பொருந்தும் வடிவமொன்றை ஆக்கித் தரவேண்டும் என்பதே அவர்கள் வேண்டிய உதவி. தமிழ் விரிவுரையாளனுக்கு இஃது அரைமணி நேர வேலை என்று எண்ணி ஒப்புக்கொண்டேன். அது என்னை ஒரு மாதம் அலைக்கழித்தது.

தாதியருக்குப் பல்கலைக்கழகம் எதற்கு என்று கேட்போர் இன்றும் நம்மிடையே உளர். நானும் ஒருகாலத்தில் அவ்வாறு எண்ணியவனே. உலகிலும் இது மிகப் பழைய செய்தியன்று. அமெரிக்காவில் மினசோட்டாப் பல்கலைக்கழகம் 1909ஆம் ஆண்டில் தாதியர் பாடசாலையொன்றைத் தன்னகத்தே தொடக்கிற்று. ஐரோப்பாவில் எடின்பரோப் பல்கலைக்கழகம் அவ்வழி செல்ல 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நமக்கு அண்மையிலுள்ள வேலூரிலோ 1909இல் தொடங்கிய தாதியர் பயிற்சி 1946இல் பட்டநெறியாக உயர்ந்தது. இலங்கையில் திறந்த பல்கலைக்கழகமே 1994இல், ஏற்கெனவே பதிவுபெற்றுப் பணியாற்றிய தாதியருக்கெனப் பட்டநெறியொன்றைத் தொலைக்கல்வி முறையில் ஆரம்பித்தது. உயர்தரப் பரீட்சையில் தேறி நேரே வருவோருக்கான நான்காண்டு நெறி ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்தே பேராதனை, ஸ்ரீ ஜயவர்த்தனபுர, யாழ்ப்பாணம் முதலிய பல்கலைக்கழகங்களுக்கு வந்தது. எமது பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடத்தின் அலகொன்றினுள் ஒண்டிக்கொண்டு பிறந்த துறை, இன்று தனிப் பீடமொன்றின் பகுதியாக வளர்ந்துள்ளது.

இவ்வாண்டுகளுள் 1994 என்பதனை மட்டும் நான் எந்த நூலையும் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் சின்னம்மா 1966இல் தாதியர் பயிற்சிக்குச் சென்றவர். இரவுக் கடமை பார்க்கும் பெண் என்பதனாற் குழம்பிய கலியாணப் பேச்சுக்கள் இரண்டினைப் பற்றி எங்கள் வீட்டில் எவரும் உரத்துப் பேசுவதில்லை. 1995இல் எவர் மூலமாகவோ திறந்த பல்கலைக்கழக விண்ணப்பப் படிவமொன்றைப் பெற்று, அதனை நிரப்பித் தருமாறு என்னிடம் கொண்டுவந்தார். அப்போது அவருக்கு ஐம்பது வயது. நான் பட்டம் பெற்று உதவி விரிவுரையாளனாகிய செருக்கோடிருந்த காலம். "இனி இந்த வயதிலை பட்டமெடுத்து என்ன செய்யப்போறியள் சின்னம்மா?" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். படிவத்தை மடித்து அலுமாரியில் வைத்தார். அவ்வாண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. மறு ஆண்டு நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டில் அலுமாரியே இல்லை.

வினாக்கொத்துக்கு வருகிறேன். மெல்சாக் என்னும் கனடிய உளவியலறிஞர் 1975இல் வெளியிட்ட நோவளவை வினாக்கொத்தில் நோவின் தன்மையைக் குறிக்கும் சொற்கள் எழுபத்தெட்டு, இருபது தொகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளன. மாணவி கொண்டுவந்தது அவ்வழி வந்த சிறியதொரு கருவி. மொழிபெயர்ப்பாளர் இருவரும் எல்லாவற்றையும் 'வலி' என்றே எழுதி, அதன்முன் 'துடிக்கும்', 'கூர்மையான', 'மந்தமான' என அடைகளை ஒட்டியிருந்தனர். இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆயினும் இவ்வாறு நோவைச் சொல்லும் மனிதர் எவரையும் நான் கண்டதில்லை. வேறு வழியின்றித் தாள்களைச் சின்னம்மாவிடம் கொண்டுபோனேன்.

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தவர், "நோ எண்டால் ஒரு நோவே தம்பி?" என்றார். அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகச் சொற்கள் வந்தன. முறிந்த எலும்பு உளையும். சீழ்கட்டிய புண் விண் விண்ணென்று தெறிக்கும். தீப்பட்ட தோல் காந்தும். நெடுநேரம் நின்ற கால் கடுக்கும். காது குடையும். வயிறு முறுக்கும். இவற்றை நோயாளி எந்தச் சொல்லாற் சொல்லுகிறார் என்பதைக் கொண்டே டொக்டரை இரவில் எழுப்புவதா, விடியும்வரை பொறுப்பதா என்று தாம் முடிவு செய்ததாகச் சொன்னார். நோவுக்குச் சுழியத்திலிருந்து பத்து வரை எண் கொடுக்கச் சொல்லும் வினாவை மட்டும் அவர் ஏற்கவில்லை. "எங்கடை கிழவியளிட்டைக் கேட்டால், 'அவ்வளவு இல்லைப் பிள்ளை' எண்டுதான் சொல்லுவினம். சொல்லுறதை எழுதாமல், கட்டில் சட்டத்தைப் பிடிச்சிருக்கிற கையைப் பாக்கச் சொல்லு."

மறுவாரம் மாணவியை நேரிலேயே அழைத்துச் சென்றேன். இருவரும் பேசியதைக் கேட்டிருந்தபோது எனக்குக் கிறீன் வைத்தியரின் நினைவு வந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அவர், பின்னாளிற் கற்பித்தலையே தமிழுக்கு மாற்றி, இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலாய நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். ஆங்கிலத்திற் கற்றவர் ஊரைவிட்டுப் போய்விடுவர், தமிழிற் கற்றவர் தம் மக்களிடையே தங்குவர் என்பது அவர் கருத்து. இன்று பட்டநெறி ஆங்கிலத்திலேயே நடைபெறுகிறது. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் தாதியர் பலர் கடல்கடந்து சென்றதையும் கண்டோம். மொழியை மாற்றினால் இவர்கள் நின்றுவிடுவர் என்று நான் நம்பவில்லை. சம்பளமும் பதவியுயர்வும் வேறு கதை. ஆனால் போகுமுன் நான்காண்டுகள் அவர்கள் நிற்பது நம்மவரின் கட்டிலருகிலே.

துறையின் எதிர்காலம் குறித்து அவ்விரிவுரையாளரோடு பின்னர் பலமுறை பேசியிருக்கிறேன். தாதியியலைத் தாதியரே கற்பிக்கும் நிலை முழுமையாக வரவேண்டும், அதற்கு முதுமாணி, கலாநிதிப் பட்டங்கள் வேண்டும் என்பது அவர் கவலை. பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்க, தனித்து மூப்படையும் பெற்றோரைப் பராமரிக்கும் சமுதாயத் தாதியியல் இம்மாவட்டத்தில் விரைந்து வளரவேண்டும் என்பது என் எண்ணம். ஓய்வுபெற்ற தாதியரை அழைத்து அவர்தம் சொற்களைப் பதிவுசெய்யவேண்டும் என்றும் சொல்லி வருகிறேன். கட்டடமும் ஆய்வுகூடமும் பணம் வந்தால் எழும். இச்சொற்களை அறிந்தோர் எண்பதை நெருங்குகின்றனர்.

வினாக்கொத்து நிறைவுற்றது. அதனைச் சரிபார்த்த நிபுணர்களின் விவரங்களை எழுதும் அட்டவணையில் மாணவி சின்னம்மாவின் பெயரையும் சேர்த்திருந்தார். கல்வித் தகைமை, தாதியியல் டிப்ளோமா. அனுபவம், என்னிடம் கேட்டறிந்தபடி, முப்பத்தாறு ஆண்டுகள். சின்னம்மா அதனை இருமுறை வாசித்தார்.

"முப்பத்தேழு, பிள்ளை," என்றார். "இடம்பெயர்ந்த வருசத்தை விட்டிட்டீர். அப்பவும் நான் பள்ளிக்கூட மண்டபத்திலை வேலை செய்தனான்."

மாணவி பேனையை எடுத்துத் திருத்தினார்.