பெட்டி முன்னே, நாங்கள் பின்னே

சொகுசுக் கப்பலில் போகிறோம் என்று சொன்னால், “சாப்பாடு எப்படி?”, “அறையில் ஜன்னல் உண்டா?” என்றுதான் உறவினர்கள் கேட்கிறார்கள். கப்பலில் ஏறும் வரைக்கும் படும் பாட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மரினா பே முனையத்தில் கப்பல் ஏறுகிறவர்களுக்கு அந்தப் பாடு கிடையாது. வீட்டு வாசலில் டாக்சி, முனைய வாசலில் பெட்டியை வாங்கிக்கொள்ளும் ஊழியர், அவ்வளவுதான். ஆனால் வேறொரு நாட்டுக்கு விமானத்தில் போய், சில நாள் ஊர் சுற்றிவிட்டு, அங்கிருந்து கப்பல் ஏறுவது முற்றிலும் வேறு கதை.

சென்ற ஆண்டு நவம்பர் பள்ளி விடுமுறையில் நாங்கள் அப்படித்தான் ஜப்பானுக்குப் போனோம். நான், கணவர், ஒன்பது வயது மகன், 72 வயது அம்மா. கன்சாய் விமான நிலையத்தில் இறங்கி, கியோட்டோவில் மூன்று இரவு. பிறகு ஷின்கான்சென் ரயிலில் யோகோஹாமா. அங்கே ஓர் இரவு தங்கி, மறுநாள் ஒன்பது இரவுக் கப்பல் பயணம். இத்தனை நாளுக்கான உடைகள், குளிராடைகள், கப்பலின் விருந்து இரவுக்கு அம்மாவின் பட்டுப்புடவை எல்லாம் சேர்ந்து இரண்டு பெரிய பெட்டி, ஒரு நடுத்தரப் பெட்டி.

அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். கைத்தடி ஊன்றி நடப்பார், படி என்றால் யாராவது கை கொடுக்க வேண்டும். திட்டம் போட்ட அன்றே, “நீங்கள் மூன்று பேரும் போய் வாருங்கள். நானும் வந்தால் உங்களுக்கு இன்னொரு பெட்டி மாதிரிதான்” என்று சொல்லிவிட்டார். அதற்கு உடனே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கணக்குப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். மூன்று பெட்டிக்கு இரண்டு பெரியவர்கள். அம்மாவின் கையைப் பிடிக்க எந்தக் கையும் மிச்சமில்லை.

அந்தக் கணக்கை மாற்றியது ஜப்பானின் ‘தக்யூபின்’.

கறுப்புப் பூனையின் கதை

ஜப்பானியத் தெருக்களில், குட்டியைக் கவ்விச் செல்லும் கறுப்புப் பூனையின் சின்னம் போட்ட வேன்களைப் பார்த்திருப்பீர்கள். யமாத்தோ என்ற சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் சின்னம் அது. அதன் தலைவராக இருந்த ஓகுரா மசாவோ, நிறுவனம் நலிந்திருந்த காலத்தில், தொழிற்சாலைகளின் பெரிய சரக்குகளைத் துரத்துவதைவிட வீடுகளின் சிறிய பொட்டலங்களை எடுத்துச் சென்று கொடுக்கலாம் என்று துணிந்தார். 1976 ஜனவரி 20ஆம் தேதி ‘தக்யூபின்’ தொடங்கியது. முதல் நாளில் வந்தவை 11 பொட்டலங்கள். இன்று அந்த நிறுவனம் ஆண்டுக்கு நூறு கோடிக்கும் மேற்பட்ட பொட்டலங்களைக் கொண்டு சேர்க்கிறது.

1983இல் பனிச்சறுக்குப் பலகைகளுக்கும், 1984இல் கோல்ஃப் மட்டைகளுக்கும் தனிச்சேவை வந்தது. விளையாடப் போகிறவர் ரயிலில் வெறுங்கையோடு போவார், மட்டை அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கும். பயணப்பெட்டிக்கும் அதே வழிதான். வெறுங்கையோடு இருப்பதை ஜப்பானியர்கள் ‘தெபுரா’ என்கிறார்கள். சுற்றுப்பயணிகள் பெட்டியை இழுத்துக்கொண்டு அலையாதிருக்க, ‘தெபுரா கன்கோ’, அதாவது வெறுங்கைச் சுற்றுலா என்ற பெயரில் அரசாங்கமே இதை ஊக்குவிக்கிறது.

மகனுக்கு இதில் தனி மகிழ்ச்சி. அவனுக்குப் பிடித்த ‘கிகிஸ் டெலிவரி சர்விஸ்’ என்ற மியாசாக்கியின் 1989ஆம் ஆண்டுப் படத்தின் ஜப்பானியப் பெயரிலும் ‘தக்யூபின்’ என்ற சொல் இருக்கிறது. அதிலும் ஒரு கறுப்புப் பூனை உண்டு.

நாடாவும் படிவமும்

கியோட்டோவில் மூன்றாம் நாள் காலை ஏழரை மணிக்குப் பெட்டிகளோடு ஹோட்டல் வரவேற்பு மேசைக்கு வந்தோம். ஊழியர் அளவு நாடாவை எடுத்து, ஒவ்வொரு பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினார். கட்டணத்தை முடிவு செய்வது அந்தக் கூட்டுத்தொகைதான். எங்கள் பெரிய பெட்டிகள் 160 சென்டிமீட்டர் பிரிவுக்குள் அடங்கின. அந்தப் பிரிவில் எடை 25 கிலோவைத் தாண்டக் கூடாது. ஒரு பெரிய பெட்டிக்கு ஏறக்குறைய 3,000 யென். நம் காசுக்கு முப்பது வெள்ளிக்கும் குறைவு.

படிவத்தில் ஆங்கில எழுத்தில் எழுதினாலும் ஏற்றுக்கொண்டார்கள். போய்ச் சேர வேண்டிய ஹோட்டலின் பெயர், முகவரி, தொலைபேசி எண். யார் பெயரில் அறை பதிவாகியிருக்கிறதோ அந்தப் பெயர். அங்கே போய்ச் சேரும் தேதி. இவற்றோடு, பெட்டி வர வேண்டிய நாளையும் நேரத்தையும்கூடக் குறிக்கலாம். கையில் தந்த நகலில் 12 இலக்க எண் ஒன்று இருந்தது. கைப்பேசியில் அதைத் தட்டினால் பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரியும்.

அம்மா தம் பழைய புடவைக் கரையைக் கிழித்து மூன்று பெட்டியின் கைப்பிடியிலும் முடிச்சுப் போட்டிருந்தார். ஊழியர் அந்த முடிச்சுகளை அவிழ்க்காமல், அவற்றுக்குப் பக்கத்திலேயே படிவத்தைக் கட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் அம்மா நாற்காலியை விட்டு எழுந்தார்.

அனுப்பக் கூடாதவை என்று ஒரு பட்டியலும் உண்டு. ரொக்கம், கடப்பிதழ், கடன் அட்டை போன்றவற்றை ஏற்பதில்லை. ஒரு பெட்டியிலுள்ள பொருள்களின் மொத்த மதிப்பு 300,000 யென்னைத் தாண்டினாலும் ஏற்பதில்லை. அம்மாவின் வளையல்கள் கையிலேயே இருந்தன. இரத்த அழுத்த மாத்திரை, முழங்கால் தைலம், ஆளுக்கு ஒரு மாற்றுடை, மின்னூட்டிகள், கப்பல் பயண ஆவணங்கள் எல்லாம் இரண்டு தோள்பைகளில் அடங்கிவிட்டன.

கை கிடைத்தது

இலையுதிர் காலத்துக் கியோட்டோவில் பேருந்து ஏறியவர்களுக்கு அந்த நெரிசல் தெரியும். பெட்டியோடு ஏறினால் சுற்றியிருப்பவர்களின் முகத்தைப் பார்க்கவே கூசும். நான்காம் நாள் காலை, ரயிலுக்கு மூன்று மணி நேரம் இருந்தபோது, நாங்கள் நிஷிக்கி சந்தைக்குப் போனோம். கூரை வேய்ந்த அந்தக் குறுகிய சந்தில், நான் வலப்பக்கம், மகன் இடப்பக்கம், நடுவில் அம்மா. ஊறுகாய்க் கடை ஒன்றின் முன் நெடுநேரம் நின்று, எந்தக் காய், எத்தனை நாள் ஊறியது என்று சைகையிலேயே விசாரித்தார். பெட்டிகள் இருந்திருந்தால் அந்தக் காலை வேளையை நாங்கள் ரயில் நிலையத்தில் உட்கார்ந்தே கழித்திருப்போம்.

ரயிலிலும் அதன் பலன் தெரிந்தது. டோக்கைடோ ஷின்கான்செனில், மூன்று அளவுகளின் கூட்டுத்தொகை 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு, அதற்கென்றுள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். 2020 மே மாதம் முதல் இந்த விதி நடப்பில் இருக்கிறது. ரயில் நிலையத்தில் நிற்பதோ ஓரிரு நிமிடம். அதற்குள் மூன்று பெட்டி, ஒரு பிள்ளை, கைத்தடியோடு அம்மா என்று ஏற நினைத்தாலே வயிற்றைக் கலக்கும். நாங்கள் நிதானமாக ஏறினோம். யோகோஹாமா நோக்கிப் போகும்போது ஃபூஜி மலை இடப்பக்கம் வரும் என்று கேட்டறிந்து, அந்த ஜன்னலோர இருக்கையை அம்மாவுக்கு எடுத்திருந்தோம். உச்சியை மேகம் மறைத்திருந்தது. அதற்குக் கீழே தெரிந்த மலையே போதும் என்றார்.

இரண்டு மணி நேரத்தில் ஷின்-யோகோஹாமா. வழியில் அம்மா நான்கு முறை, “பெட்டி போய்விட்டதா, பார்” என்று கேட்டார். நான்கு முறையும் பார்த்தேன். மூன்றாம் முறை பார்த்தபோதே பெட்டிகள் ஹோட்டலில் ஒப்படைக்கப்பட்டிருந்தன. நாங்கள் போனபோது அவை அறைக்குள்ளேயே இருந்தன. அம்மா புடவைக் கரை முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து எண்ணினார்.

கப்பல் காத்திருக்காது

இனி, இந்த ஏற்பாட்டைச் செய்ய நினைக்கும் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியது.

ஹோட்டலுக்குப் பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தால் எரிச்சல்தான். கப்பலுக்குத் தாமதமானால் அது பெரிய சிக்கல். ஜப்பானியக் கொடி இல்லாத கப்பல்கள் ஜப்பானியத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றிச் செல்ல அந்நாட்டுச் சட்டம் இடம் தருவதில்லை. அதனால்தான் இத்தகைய பயணங்களில் தென்கொரியாவின் பூசான் போன்ற ஒரு வெளிநாட்டுத் துறைமுகம் இடையில் வருகிறது. நம்மைத் தவறவிட்ட பெட்டி அங்கே பின்தொடர்ந்து வர, சுங்கச் சோதனையைத் தாண்ட வேண்டும். எனவே கப்பல் புறப்படுவதற்கு ஒரு நாள் முன்பாவது பெட்டி துறைமுக நகரத்தில் இருக்கும்படி திட்டமிடுங்கள்.

முகவரியில் ‘யோகோஹாமா துறைமுகம்’ என்று மட்டும் எழுதினால் போதாது. அங்கே கப்பல்கள் வரும் முனையங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. பழைமையான ஓசன்பாஷி நகரின் நடுவில் இருக்கிறது. விரிகுடாப் பாலத்தின் கீழ் நுழைய முடியாத உயரமான கப்பல்களுக்காக, பாலத்துக்கு வெளியே டைக்கோக்கு முனையம் 2019இல் திறக்கப்பட்டது. பயணச்சீட்டில் எது இருக்கிறது என்று பாருங்கள். சில கப்பல் நிறுவனங்கள் பெட்டியை நேரே கப்பலுக்கே அனுப்ப ஏற்பாடு வைத்திருக்கின்றன. அப்படி இருந்தால் அவர்கள் தரும் படிவத்தையும் சொல்லும் கடைசி நாளையும் அப்படியே பின்பற்றுங்கள். இல்லையென்றால் முனையத்துக்கு அனுப்பாமல், முனையத்துக்கு அருகிலுள்ள ஹோட்டலுக்கு அனுப்புங்கள். ஹோட்டலுக்கு முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

கப்பல் ஏறும் நாளிலும் பெட்டி நம்மைவிட்டு ஒருமுறை பிரியும் என்பதை மறக்க வேண்டாம். முனையத்தில் கொடுத்த பெட்டி எங்கள் அறை வாசலுக்கு மாலையில்தான் வந்தது. ஆகவே அந்தத் தோள்பை மறுபடியும் கைகொடுத்தது. கப்பல் நிறுவனத்தின் அறை எண் சீட்டைப் பெட்டியில் யோகோஹாமாவில்தான் மாட்டினோம். இரண்டு சேவைகளின் சீட்டும் ஒரே நேரத்தில் தொங்கினால் குழப்பம்தான்.

சிங்கப்பூர் வீட்டு வாசலிலிருந்தே அனுப்பலாமே என்று கேட்கலாம். அது வெளிநாட்டுச் சரக்கு. கட்டணமும் நாள்களும் கூடும். தனியாக வரும் பெட்டியைப் பற்றி ஜப்பானில் இறங்கும்போதே சுங்கத்துறையிடம் அறிவிக்கவும் வேண்டும். விமானத்தில் உடன் கொண்டுபோய், உள்நாட்டுக்குள் அனுப்புவதே எங்களைப் போன்றவர்களுக்குப் பொருத்தம். திரும்பும்போதும் நாங்கள் அனுப்பவில்லை. யோகோஹாமாவிலிருந்து ஹனேடா விமான நிலையம் பேருந்தில் அரை மணி நேரம்தான். விமான நிலையத்துக்குப் பெட்டி அனுப்ப ஒரு நாளாவது முன்னதாகக் கொடுக்க வேண்டும். காலையில் இறங்கி அன்றே பறப்பவர்களுக்கு அது உதவாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் வெறுங்கையோடு நடந்தோம் என்றால் அந்தச் சுமை காற்றில் கரைந்துவிடவில்லை. ஓர் ஓட்டுநர் அதைத் தூக்கினார், இரவில் இன்னொருவர் நெடுஞ்சாலையில் கொண்டுபோனார். ஜப்பானில் 2024 ஏப்ரல் முதல் லாரி ஓட்டுநர்களின் கூடுதல் நேர வேலைக்கு ஆண்டுக்கு 960 மணி நேரம் என்று வரம்பு வந்திருக்கிறது. அவர்கள் உடம்பும் உடம்புதானே. அதனால் சில இடங்களுக்குப் பொட்டலம் முன்பைவிட ஒரு நாள் தாமதமாகலாம். அந்த ஒரு நாளை நம் திட்டத்தில் நாமே சேர்த்துக்கொள்வதுதான் நியாயம். அனுப்புவதுதானே என்று பெட்டியை 25 கிலோவுக்கு அடைப்பதும் சரியில்லை.

கப்பல் ஏறும் நாளன்று ஓசன்பாஷி முனையத்தின் கூரைமேல் நடந்தோம். 2002இல் கட்டி முடித்த அந்தக் கட்டடத்தின் மேற்புறம் முழுக்க மரப்பலகை, மேடும் பள்ளமுமாகக் கடலுக்குள் நீள்கிறது. உள்ளூர்க்காரர்கள் அதைத் ‘திமிங்கிலத்தின் முதுகு’ என்கிறார்கள். படி ஏறாமல் சரிவிலேயே மேலே போகலாம். அம்மா ஒரு கையில் கைத்தடியும் மறு கையில் என் தோளுமாக மெதுவாக ஏறினார். மேலே பலகையில் உட்கார்ந்து, கட்டி நின்ற எங்கள் கப்பலின் ஜன்னல்களை மகனோடு சேர்ந்து எண்ணத் தொடங்கினார். நாற்பதைத் தாண்டியதும் எண்ணிக்கை தவறிவிட்டது. இரண்டு பேரும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.