அடக்கத் தெரியாத வாய்

மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்குப் பஸ் ஏறுகிற பெண்கள், கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவோம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பள்ளியில் ஆசிரியைகளுக்கென்று உருப்படியான கழிப்பறை கிடையாது. காலை ஒன்பது மணிக்குள் போனால் சாயங்காலம் வீடு திரும்பும்வரை எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டு கரும்பலகை முன்னால் நிற்க வேண்டும். அடக்கமுடைமை அதிகாரத்தை அப்படி நின்றபடியே எத்தனை வருஷம் நடத்தியிருப்பேன்!

அதனால் மலத்தோடு ரத்தம் வந்தபோதும் அடக்கிக்கொள்ளத்தான் தெரிந்தது. முதலில் சூடு என்று நினைத்தேன். பிறகு மூலம் என்று நானே முடிவு செய்தேன். துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிச் சாப்பிட்டேன். வாரத்தில் இரண்டு நாள் கருணைக்கிழங்கு. இப்படியே ஏழு மாதம். மூலத்திலும் ரத்தம் வரும், மலக்குடல் புற்றிலும் வரும். எது என்று டாக்டர் விரல் விட்டுப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அந்த ஒரு நிமிஷக் கூச்சத்துக்குப் பயந்துதான் ஏழு மாதமும். கடைசியில் ஓர் இரவு வயிறு கல்லாக உப்பி, காற்றுகூடப் பிரியாமல், வாந்தியும் சேர்ந்துகொள்ள, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

கண் விழித்தபோது தொப்புளுக்கு இடப்பக்கம், சற்றுக் கீழே, உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி ஒரு பை ஒட்டியிருந்தது. டாக்டர் விளக்கினார். கட்டி வழியை அடைத்துவிட்டது. இந்த நிலையில் கதிர்வீச்சு கொடுத்தால் வீங்கி இன்னும் இறுகும். அதனால் பெருங்குடலின் ஒரு வளைவை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து திறந்து, மலத்துக்கு முதலில் வேறு வழி. புண் ஆறியதும் கதிர்வீச்சும் மாத்திரையும். கட்டியை எடுப்பது அதற்கும் அப்புறம். “ட்ரீட்மென்ட் இன்னும் ஆரம்பிக்கவே இல்லம்மா” என்றார், தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

ஸ்டோமா என்றால் கிரேக்க மொழியில் வாய். வார்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘பை வச்சிருக்கு’ என்பதோடு சரி. எனக்கென்னவோ கிரேக்கர்கள் சொன்னதுதான் பொருத்தமாகப் பட்டது. உதட்டின் உட்புறம் போலவே ஈரம், அதே சிவப்பு. தொட்டால் வலிக்காது. துடைத்தால், பல் தேய்க்கும்போது ஈறு கசிவதுபோல, துளி ரத்தம் வரும். மூடிக்கொள்ளும் தசை மட்டும் கிடையாது. எந்நேரமும் திறந்த வாய்.

வீட்டுக்கு வந்த பிறகு என் அக்காதான் கூட இருந்தாள். மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை, பையைத் தோலோடு ஒட்டிப் பிடிக்கும் பிளேட்டை மாற்ற வேண்டும். காலையில் காபிகூடக் குடிக்காமல் செய்துவிட வேண்டும்; வயிற்றில் ஒன்று விழுந்துவிட்டால் குடல் விழித்துக்கொள்ளும், பாதி வேலையில் மானம் போகும். பழைய பிளேட்டை வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஓரத்திலிருந்து மெல்ல உரிப்போம். அளவுக்காகக் கொடுத்திருக்கும் அட்டையை வைத்துப் பார்த்து, புதுப் பிளேட்டின் பின்பக்கக் காகிதத்தில் பேனாவால் வட்டம் போட்டு வெட்டுவோம். ஸ்டோமாவைவிட இரண்டு மில்லிமீட்டர்தான் பெரிதாக இருக்கலாம். ஆரம்பத்தில் நான் பயத்தில் தாராளமாக வெட்டினேன், அதன்மேல் எதுவும் பட்டுவிடக் கூடாதென்று. விட்ட இடைவெளியில் மலம் பட்டுச் சுற்றுத்தோல் வெந்துபோனது. அது என்னவோ சும்மா இருந்தது. என் பயம்தான் என்னைப் புண்ணாக்கியது. முதல் வாரம் நாற்பது மில்லிமீட்டர். வீக்கம் வடிய வடிய மூன்றாம் வாரம் முப்பத்திரண்டு. ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். சித்திரை வெயிலில் வியர்வை நிற்காது, ஈரத்தோலில் பிளேட் பிடிக்காது. அக்கா பனையோலை விசிறியால் என் வயிற்றுக்கு வீசுவாள். ஒட்டியதும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு ஐந்து நிமிஷம் உட்கார வேண்டும். உடம்புச் சூட்டில்தான் அந்தப் பசை பிடிக்கும்.

இந்தப் பைக்கும் ஓர் அக்கா தங்கைக் கதை இருக்கிறது. டென்மார்க்கில் எலிசே சோரன்சென் என்று ஒரு நர்ஸ். உடன்பிறந்த தோராவுக்கு ஸ்டோமா வைத்த பிறகு, எங்கே கசிந்துவிடுமோ என்று அவள் வெளியே தலைகாட்டவே பயந்தாளாம். அதைப் பார்த்துத்தான் 1954-இல் தோலில் ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பையை எலிசே யோசித்தார். தயங்கிய பிளாஸ்டிக் தொழிலதிபரைச் சம்மதிக்க வைத்தது அவர் மனைவி, அவரும் நர்ஸ்தான். அதே 1954-இல்தான் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. நான் பிறக்கும் முன்பே எனக்காகச் சில பெண்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் முன்கூட்டியே நோயாளியை உட்காரச் சொல்லி, குனியச் சொல்லி, மடிப்பு விழாத இடமாகப் பார்த்துப் பேனாவால் குறிப்பார்கள். நான் அவசர கேஸ். ஸ்டோமா சரியாக என் உள்பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. நாற்பது வருஷமாகக் கட்டிய இடம்! மேலே ஏற்றிக் கட்டினால் மூச்சு முட்டியது, இறக்கினால் சேலை நழுவியது. கடைசியில் தையற்கடையில் நாடாவை எடுத்துவிட்டு அகலமான எலாஸ்டிக் பட்டி வைத்துத் தைத்தோம். கடைக்காரர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன பொய் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துப் போயிருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாமி அறைக்குள் போகலாமா என்று அக்காவைக் கேட்டேன். சின்ன வயதில் ஆசாரம் பார்த்தே என்னை அழவைத்தவள் அவள். விளக்குத் திரியை உருட்டிக்கொண்டே, “எல்லார் வயித்துலயும் அதுதாண்டி இருக்கு. உனக்கு வெளிய தெரியுது, அவ்வளவுதான்” என்றாள்.

சத்தத்துக்குத்தான் வழியே இல்லை. முட்டைக்கோஸ், மொச்சை எல்லாம் ஒதுக்கியாயிற்று. மோர் குடித்தால் வாடைகூடக் கட்டுப்படும். சத்தம் மட்டும் அதன் இஷ்டம். தலைமை ஆசிரியை ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாகப் பார்க்க வந்து, தாழ்ந்த குரலில் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், குடத்தைக் கவிழ்த்ததுபோல நீளமாக ஒன்று. மூன்று டீச்சர்களும் சுவரிலிருந்த காலண்டரைப் படித்தார்கள். அன்றிரவு அழுதேன். புற்றுநோய் என்று சொன்னபோதுகூட அழுதிருக்கவில்லை.

இதில் விசித்திரம், பழைய வழி முழுசாக ஓயவில்லை. மலம் வராவிட்டாலும் அங்கே சளி ஊறிக்கொண்டிருக்கும், கட்டியும் அழுத்தும். விடியற்காலையில் அவசரமாக வருவதுபோல் இருக்கும். நானும் பழக்கத்தில் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு ஓடுவேன். இடப்பக்கம் பை தன் பாட்டுக்கு நிறைந்துகொண்டிருக்கும்.

புண் ஆறி, கதிர்வீச்சுக்குத் தேதி கொடுத்தார்கள். சனி ஞாயிறு விட்டு மொத்தம் 28 நாள். அந்த நாட்களில் காலையும் மாலையும் மாத்திரை. முதல் நாள் பையைக் காலி செய்துகொண்டு போனேன். என் மாணவி வயதிருக்கும் பெண் ஒருத்தி பாட்டிலை நீட்டினாள்.

“அரை லிட்டர் தண்ணி குடிச்சிட்டு, நாங்க கூப்பிடுற வரைக்கும் யூரினை அடக்கிக்கிட்டு இருங்கம்மா. மூத்திரப்பை நிறைஞ்சிருந்தாத்தான் சிறுகுடல் மேல ஒதுங்கும். முடியுமா?”

“முப்பது வருஷ சர்வீஸும்மா எனக்கு” என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

நடையில் நீள பெஞ்சு. ஆளுக்கொரு பாட்டிலோடு ஏழெட்டுப் பேர் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒருவரும் பேசவில்லை. கால்மணி நேரம் போயிருக்கும். என் சேலைக்குள்ளிருந்து அந்தக் குடம் கவிழ்ந்தது. நான் சுவரில் காலண்டர் இருக்கிறதா என்று தேடினேன். பக்கத்திலிருந்த அம்மாள் என் பக்கம் சாய்ந்து, “பையா?” என்றாள்.

“ஆமா.”

முந்தானையைச் சரிசெய்வதுபோல் தன் வயிற்றின்மேல் ஒருமுறை தட்டிக் காட்டினாள்.

“எனக்கு முப்பது. உங்களுக்கு?”

“முப்பத்திரண்டு” என்றேன்.